பிராணவாயு உணர்கருவி: பழுது நீங்கியதை ஓட்டிப் பார்த்து அறிதல்

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், வாரங்கல் செல்லும் நெடுஞ்சாலையும் நகரின் உள்வட்டச் சாலையும் கூடுமிடத்தில் உப்பல் அமைந்துள்ளது. தொழிற்பேட்டையும், தேசியப் புவி பௌதிக ஆராய்ச்சி நிலையமும், மெட்ரோ ரயில் பணிமனையும் கொண்ட இப்பகுதியில் மோட்டார் பட்டறைகளுக்குக் குறைவில்லை. இத்தகைய பட்டறைகளுக்குப் பெட்ரோல் கார்கள் பல ஒரே புகாருடன் வருவது வழக்கம். ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையில் எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது என்பதே அப்புகார். ஸ்கேனரை இணைத்தால் பிராணவாயு உணர்கருவியைச் சுட்டும் குறியெண் ஒன்று தென்படுகிறது. கருவி மாற்றப்படுகிறது, குறியெண் அழிக்கப்படுகிறது, விளக்கும் அணைகிறது. வண்டி உரியவரிடம் ஒப்படைக்கப்பட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதே விளக்கு மீண்டும் எரிகிறது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விளக்கை அணைத்தது செய்த வேலை அன்று. ஸ்கேனரில் உள்ள ஒரு பொத்தான். வேலை சரியாக நடந்ததா என்பதை வண்டியின் கணிப்பொறி இன்னும் சோதித்துப் பார்க்கவேயில்லை. அச்சோதனையை நடத்தி முடிக்க அதற்கு ஓட்டம் தேவை. அதுவும் எவ்வித ஓட்டமும் போதாது. பழுது எந்தச் சூழ்நிலையில் பதிவாயிற்றோ அந்தச் சூழ்நிலையை மீண்டும் உண்டாக்கும் ஓட்டமே தேவை. அதை எவ்வாறு செய்வது, செய்யும்போது எவற்றைக் கவனிப்பது என்பதே ஈண்டு விளக்கப்படுகிறது.

முதலில் கருவியின் தன்மையை அறிதல் நலம். ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று இதனினும் குறைந்தால் கலவை செறிவுடையது எனவும், மிகுந்தால் நலிந்தது எனவும் கூறுவர். செறிந்த கலவை நச்சுள்ள கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் வெளியிடும். நலிந்த கலவையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மிகும். புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள வினையூக்கிப் பெட்டி, அதாவது பட்டறைகளில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று வழங்குவது, இம்மூன்றையும் ஒருங்கே போக்கவல்லது. ஆனால் கலவை 14.7 என்னும் அளவை ஒட்டியே நிற்கும்போதுதான் அதனால் அவ்வாறு செய்ய இயலும். அந்தக் குறுகிய வரம்புக்குள் கலவையை நிறுத்தும் பொருட்டுப் புகையில் எஞ்சியுள்ள பிராணவாயுவை இடைவிடாது கண்டு கணிப்பொறிக்குத் தெரிவிப்பதே உணர்கருவியின் பணி.

கருவியின் உள்ளே விரலுறை போன்ற வடிவில் ஒரு பீங்கான் குமிழ் இருக்கிறது. சிறிதளவு இட்ரியம் ஆக்ஸைடு கலந்த சிர்க்கோனியம் ஆக்ஸைடே அப்பீங்கான். அதன் இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு உண்டு. ஒரு புறம் புகையையும் மறுபுறம் வெளிக்காற்றையும் தொட்டு நிற்கிறது. நன்கு சூடேறிய நிலையில் இப்பீங்கான் பிராணவாயு அயனிகளைத் தன்னூடே செல்லவிடும். இருபுறமும் பிராணவாயுவின் அழுத்தம் வேறுபட்டால் மின்னழுத்தம் தோன்றுகிறது. சுமார் 730 டிகிரி செல்சியஸ் உஷ்ணநிலையில், அழுத்த வேறுபாடு ஒவ்வொரு பத்து மடங்கு பெருகும்போதும் 0.05 வோல்ட் கூடும். கலவை நலிவிலிருந்து செறிவுக்கு மாறும் அந்தப் புள்ளியில் புகையிலுள்ள பிராணவாயு பல கோடி மடங்கு திடீரெனக் குறைந்துவிடுவதால், மின்னழுத்தமும் 0.1 வோல்ட்டிலிருந்து 0.8, 0.9 வோல்ட்டுக்குத் தாவுகிறது. நடுவே உள்ள 0.45 வோல்ட் கணிப்பொறிக்கு எல்லைக்கோடு.

இப்பீங்கானின் இயல்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் நெர்ன்ஸ்ட் சென்ற நூற்றாண்டு பிறப்பதற்கு முன்னரே சிர்க்கோனியம் ஆக்ஸைடுக் கோலை ஒளிரச் செய்து விளக்கு ஒன்றை அமைத்தார். குளிர்ந்த நிலையில் அக்கோல் மின்சாரத்தைக் கடத்தாது. முன்னதாகச் சூடாக்கினாலன்றி விளக்கு எரியாது. அந்தக் குறைபாடு இன்றைய உணர்கருவியிலும் அப்படியே இருக்கிறது. 300 அல்லது 350 டிகிரிக்குக் கீழே அது ஊமை. மோட்டார் வண்டியில் இக்கருவி 1976-ஆம் ஆண்டு வால்வோ கார்களில், பாஷ் கம்பெனியின் தயாரிப்பாக இடம்பெற்றது. சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்க்கான் மணல் தமிழ் வாசகர்க்கு அயலானதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அது பிரித்தெடுக்கப்படுகிறது. உப்பலுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள அணு எரிபொருள் தொழிற்கூடத்திலும் சிர்க்கோனியமே முக்கியமான உலோகம். ஆயின் அங்கு அதன் பயன் வேறு.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இவ்வியல்பை வகுப்பிலேயே காட்டலாம். கழற்றிய பழைய உணர்கருவி ஒன்றைப் பட்டறை இடுக்கியில் பொருத்தி, அதன் சமிக்ஞைக் கம்பியை டிஜிட்டல் மல்ட்டிமீட்டருடன் இணைத்து, முனையை வாயு விளக்கின் சுவாலைக்குள் நிறுத்த வேண்டும். முனை செந்நிறமாகக் காயும்வரை மீட்டர் அசையாது. பின்னர் 0.8 வோல்ட் வரை ஏறும். சுவாலையை விலக்கிய உடனே சரிந்துவிடும். சரிவு தயங்கித் தயங்கி நிகழ்ந்தால் கருவி முதுமை அடைந்துவிட்டது என்று மாணவர் கண்ணாரக் காணலாம். முள் உள்ள பழைய மீட்டர் இதற்கு உதவாது; கருவி தரும் சொற்ப மின்சாரத்தை அதுவே விழுங்கிவிடும்.

இந்தியாவில் வினையூக்கிப் பெட்டி 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் உணர்கருவிக்கும் வினையூக்கிக்கும் நஞ்சாகையால் அது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடெங்கும் விலக்கப்பட்டது. பாரத் நிலை 4 விதிகள் 2010-இல் ஹைதராபாத் உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. வண்டி தன் பழுதைத் தானே கண்டு பதியவேண்டும் என்னும் ஏற்பாடும் அவற்றுடன் தொடங்கி, 2013-இல் முழுமை பெற்றது. ஆகவே 2013 ஏப்ரலுக்குப் பிற்பட்ட நிலை 4 கார்களில் இங்குக் கூறப்படும் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தும். 2020-இல் வந்த நிலை 6 கார்களிலும் அவ்வாறே.

பழுது பார்க்கும் வேலை தொடங்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அவசரத்தில் பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. குறியெண் பதிவான கணத்தில் வண்டி எந்நிலையில் இருந்தது என்பதைக் கணிப்பொறி தனியே எழுதி வைத்திருக்கும். வேகம், எஞ்சின் சுழற்சி, குளிர்நீரின் உஷ்ணம், எஞ்சின் சுமை ஆகியவை அதில் காணப்படும். குறியெண்ணை அழித்தால் இந்தப் பதிவும் அழிந்துபோகும். பின்னர் எந்தச் சூழ்நிலையில் ஓட்டிப் பார்ப்பது என்பதற்கு வழிகாட்டி ஏதும் இராது. ஆதலால் முதலில் அதனைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறியெண்ணின் பொருளையும் நுணுகி உணர்தல் அவசியம். பி 0135 என்பது முன் உணர்கருவியின் சூடேற்றியில் அல்லது அதன் மின்சுற்றில் உள்ள பழுது. பி 0133 என்பது கருவி மெதுவாகப் பதிலளிக்கிறது என்பது. பி 0171 என்பதோ கலவை நலிந்துள்ளது என்பது மட்டுமே. இம்மூன்றாவது குறியெண்ணைக் கண்டதும் உணர்கருவியை மாற்றிவிடுவது பலரிடமும் காணப்படும் பிழை. துயரச் செய்தி கொணர்ந்த தூதனைச் சிறையிலிட்டால் செய்தி பொய்யாகிவிடாது. உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிவு, அடைபட்ட எரிபொருள் வடிகட்டி, அழுக்கேறிய காற்று அளவி ஆகிய எதுவும் கலவையை நலியச் செய்யும். உணர்கருவிக்கு முன்பாகப் புகைக்குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தாலும் போதும். அதன் வழியே வெளிக்காற்று உட்புகுந்து கருவியை ஏமாற்றும். கலவை நலிந்ததாகக் கருதிக் கணிப்பொறி மேலும் மேலும் பெட்ரோலைச் செலுத்தும். அங்கே புதிய கருவியைப் பொருத்தினால் அதுவும் அதே பொய்யைச் சொல்லும். இதனால் பெட்ரோல் வீணாவதோடு நில்லாது, எரியாத பெட்ரோல் வினையூக்கிப் பெட்டியினுள் எரிந்து அதன் பீங்கான் கூட்டை உருக்கிவிடவும் கூடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களைத் தாங்கிய அப்பெட்டியின் விலை உணர்கருவியின் விலையினும் பன்மடங்கு.

பொருத்தும் வேலையைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. முனையில் எண்ணெயோ மசகோ படலாகாது. அருகில் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தலாகாது. பல கருவிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பிகளின் உறைக்குள்ளாகவே பெறுகின்றன; எனவே கம்பியை வெட்டி ஈயப்பற்று வைத்து ஒட்டுவது காற்றின் வழியையே அடைப்பதாக முடியும். எலி கடித்த கம்பிகளை ஒட்டுப்போடும் பட்டறையினர் இதை நினைவில் வைத்தல் நலம்.

இனி ஓட்டச் சோதனை. இதற்கு இருவர் தேவை. ஒருவர் வண்டியை ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைக் கவனிக்க வேண்டும். ஓட்டுபவரே திரையையும் பார்ப்பது உப்பல் நாற்சந்தி போன்ற இடத்தில் உயிருக்கே ஆபத்து. எரிபொருள் தொட்டி கால் பங்குக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மேற்படாமலும் இருப்பது நல்லது. தொட்டி காலியாகவோ நிரம்பியோ இருந்தால் சில சுயசோதனைகளைக் கணிப்பொறி தொடங்குவதில்லை.

சூடேற்றியின் பழுது நீக்கப்பட்டிருந்தால், அதைச் சோதிக்கத் தக்க இடம் நெடுஞ்சாலை அன்று, பட்டறையின் வாசலே. இது பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வேகமாக ஓடும் வண்டியில் புகையின் வெப்பமே கருவியைக் காய்ச்சிவிடும். சூடேற்றி முற்றிலும் செத்திருந்தாலும் கருவி வேலை செய்யும். பத்துக் கிலோமீட்டர் விரைவாக ஓட்டிவந்து, திரையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்டு பழுது நீங்கிற்று என்று சொல்பவர் எதையும் சோதித்தவர் அல்லர். இரவு முழுதும் நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் தொடக்க வேண்டும். தொடக்குமுன் குளிர்நீரின் உஷ்ணமும் உட்செல்லும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனரில் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு இருந்தால் வண்டி உண்மையாகவே ஆறியிருக்கிறது. பின்னர் எஞ்சினைத் தொடக்கி, முடுக்கியை மிதிக்காமல் சில நிமிஷம் விட்டுவைக்க வேண்டும். சூடேற்றி நன்றாக இருப்பின் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே கருவி விழித்துக்கொண்டு 0.45 வோல்ட்டின் இருபுறமும் ஊசலாடத் தொடங்கும். கதவு மூடிய கொட்டகைக்குள் இச்சோதனையைச் செய்யலாகாது. குளிர்ந்த எஞ்சின் செறிந்த கலவையையே எரிப்பதால் கார்பன் மோனாக்ஸைடு அப்போது மிகுதி. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மந்தமாகப் பதிலளித்த கருவியை மாற்றிய வண்டிக்கு இதற்கு நேர்மாறான ஓட்டம் தேவை. சீரான வேகத்தில், நிலையான சுமையில், இடையறாது பல நிமிஷங்கள் ஓடினாலன்றிக் கணிப்பொறி அச்சோதனையைத் தொடங்காது. உப்பலிலிருந்து போடுப்பல், பீர்ஜாதிகூடா வழியாகக் கிழக்கே செல்லும் வாரங்கல் சாலையில் அது எளிதன்று. உயர்மட்டச் சாலைப் பணி பல ஆண்டுகள் நீடித்த அச்சாலையில் நின்று நின்று செல்வதே பழக்கம். கட்கேசரை அடைந்து, நகரைச் சூழ்ந்து செல்லும் 158 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலையில் ஏறினால் விரும்பிய ஓட்டம் கிட்டும். அங்கே மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் வேகத்தைச் சீராக வைத்துப் பத்து நிமிஷம் செல்லலாம். முன் கருவியின் மின்னழுத்தம் பத்து விநாடிக்குள் பலமுறை எல்லைக்கோட்டைக் கடந்து ஏறி இறங்க வேண்டும். பின்னால் வண்டி ஏதும் அடுத்து வராத சமயம் பார்த்து, கியரை மாற்றாமல் முடுக்கியிலிருந்து காலை முழுவதும் எடுக்க வேண்டும். எரிபொருள் நின்றுபோவதால் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி விழும். மீண்டும் ஊன்றி மிதித்தால் 0.8-க்கு மேல் எழும். விழுவதும் எழுவதும் தயக்கமின்றி நிகழ்வதே கருவியின் ஆரோக்கியத்துக்கு அடையாளம்.

வினையூக்கிப் பெட்டிக்குப் பின்னால் உள்ள இரண்டாவது கருவியின் நடத்தை வேறு. பெட்டி நன்கு வேலை செய்தால் அதன் அளவு 0.6, 0.7 வோல்ட்டில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும். முன்னதைப் போலவே பின்னதும் துள்ளினால் பெட்டி தன் ஆற்றலை இழந்துவிட்டது என்று பொருள். உணர்கருவியை மாற்றுவதால் அது மீளாது. ஒரு எச்சரிக்கை: அண்மைக் காலத்துக் கார்கள் பலவற்றில் முன் கருவி அகன்ற வரம்புடைய வேறொரு வகை. அது ஊசலாடும் மின்னழுத்தத்தைத் தருவதில்லை. அவற்றில் ஸ்கேனர் காட்டும் லாம்டா என்னும் விகிதம் 1-ஐ ஒட்டி நிற்கிறதா என்பதையே நோக்க வேண்டும்.

கம்பியின் இணைப்பு விட்டு விட்டுத் துண்டித்ததால் நேர்ந்த பழுதுக்கோ, மேடு பள்ளம் நிறைந்த சாலையே உற்ற நண்பன். வெளிவட்டச் சாலையின் வழவழப்பில் ஒளிந்துகொள்ளும் அப்பழுது, குழிகள் நிறைந்த சாலையில் எஞ்சின் நன்கு சூடேறிய பின் தன்னை வெளிப்படுத்தும்.

ஓட்டம் முழுவதும் கவனிக்கவேண்டிய மற்றோர் எண் எரிபொருள் திருத்தம். உணர்கருவியின் சொல்லைக் கேட்டுக் கணிப்பொறி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை அது காட்டும். குறுகிய காலத் திருத்தமும் நீண்ட காலத் திருத்தமும் சேர்ந்து இருபுறமும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. குறியெண்ணை அழிக்கும்போது பல வண்டிகளில் நீண்ட காலத் திருத்தமும் பூஜ்யமாகிவிடுவதால், முதல் சில கிலோமீட்டரில் காணும் நல்ல எண்ணை நம்பலாகாது. இக்காலத்துப் பெட்ரோலையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025-ஆம் ஆண்டில் நாட்டில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. அத்தகைய பெட்ரோலில் ஒரு கிலோ எரியச் சுமார் 13.5 கிலோ காற்றே போதும். 10 சதவீதக் கலப்புக்கென அமைந்த வண்டியில் இதனை ஊற்றினால் திருத்தம் ஏறத்தாழ 4 சதவீதம் மிகைப் பக்கம் சாயும். அது பழுதன்று, ஆனால் முன்பே சிறிது நலிந்திருந்த வண்டியை விளக்கு எரியும் எல்லைக்குத் தள்ளிவிட அது போதுமானதாகலாம்.

ஓட்டம் முடிந்து பட்டறைக்குத் திரும்பியதும் விளக்கைப் பார்ப்பதில் பயனில்லை. இத்தகைய பழுது தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் பெரும்பாலான வண்டிகளில் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தில் கண்ட பழுதைக் கணிப்பொறி நிலுவைக் குறியெண்ணாக வைத்துக்கொண்டு மௌனமாக இருக்கும். ஸ்கேனரில் நிலுவைக் குறியெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. வாடிக்கையாளர் மூன்றாம் நாள் திரும்பி வருவதன் காரணம் பெரும்பாலும் அப்பக்கத்தை எவரும் திறந்து பாராததே. அதனுடன் ஆயத்தநிலைப் பட்டியலையும் காண வேண்டும். குறியெண்ணை அழித்தவுடன் உணர்கருவி, சூடேற்றி, வினையூக்கி ஆகியவற்றின் சுயசோதனைகள் யாவும் முடியாதவை என்று குறிக்கப்படும். ஓட்டத்தில் ஒவ்வொன்றாக முடிவுறும். உணர்கருவிக்கும் சூடேற்றிக்கும் நேரே முடிந்தது என்று காட்டி, நிலுவையில் ஏதும் இல்லையெனில் வேலை நிலைத்தது எனலாம். வினையூக்கியின் சோதனை சற்றுத் தாமதிக்கும். அதற்கு மறுநாளும் ஓட்டவேண்டி வரலாம். குறியெண்ணை அழிக்காமலே விட்டால் வண்டி மூன்று ஓட்டங்களில் பழுதைக் காணாதபோது விளக்கைத் தானே அணைத்துவிடும். பொறுமையுள்ள வாடிக்கையாளருக்கு இதனினும் நேர்மையான சான்று வேறில்லை.

புகைச் சோதனைச் சான்றிதழ் இருப்பது போதாதோ என்று சிலர் வினவலாம். அச்சோதனை நின்ற வண்டியில், சூடேறிய எஞ்சினில் நிகழ்வது. குளிர்காலை வேளையிலும் ஓட்டத்திலும் எழும் குறைகளை அது காண்பதில்லை. நின்ற இடத்துச் சோதனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை உலகம் ஒருமுறை பெரிய அளவில் கண்டது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தினர் வோக்ஸ்வாகன் டீசல் கார்களில் அளவைக் கருவிகளை ஏற்றிச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். ஆய்வுக்கூடத்தில் தேறிய அக்கார்கள் சாலையில் வரம்பைப் பன்மடங்கு மீறியதை 2014-இல் வெளியிட்டனர். 2015-இல் அம்மோசடி அம்பலமாயிற்று. இந்தியாவிலும் 2023 ஏப்ரல் முதல் புதிய மாதிரிக் கார்கள் சாலையிலும் ஓட்டி அளக்கப்படுகின்றன.

பழைய கார் வாங்குவோர்க்கும் இதில் ஒரு பயன் உண்டு. குறியெண் அழிக்கப்பட்ட பின் வண்டி ஓடிய தூரத்தையும், எத்தனை முறை எஞ்சின் ஆறிப் பின் சூடேறியது என்பதையும் கணிப்பொறி எண்ணி வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஸ்கேனர்களில் இவ்விரு எண்களையும் காணலாம். விற்பவர் விளக்கே எரிந்ததில்லை என்று கூறும் வண்டியில் அத்தூரம் 6 கிலோமீட்டர் என்றும் ஆயத்தநிலைப் பட்டியலில் எதுவும் முடியவில்லை என்றும் காட்டினால், விலை பேசுமுன் ஒரு நாள் காலையில் வந்து, ஆறிய எஞ்சினைத் தாமே தொடக்கி, கட்கேசர் வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.